அப்பாவின் கை நடுக்கத்துக்குப் பூச்சி மருந்துதான் காரணமா?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 34 வயது சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் இல்லாமல் அதன் சுருக்கத்தைத் தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 63. ஒன்றரை ஏக்கரில் மல்லிகைத் தோட்டம். இளவட்டமாக இருந்தபோது பருத்திக்கும் நெல்லுக்கும் பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிப் பொடியை வெறுங்கையால் தூவியவர். மல்லிகைக்கு மாறிய பிறகு மொட்டுப்புழுவுக்கும் செம்பேனுக்கும் வாரம் ஒரு தடவையாவது மருந்து அடிப்பார். களைக்கு பாராகுவாட். போன ஐப்பசியில், தம்பி உரக்கடையிலிருந்து வாங்கி வந்த புது மருந்தை அடித்துவிட்டு வந்தவர், தலை சுற்றி வாந்தி எடுத்தார். பக்கத்து ஊர் கிளினிக்கில் ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதில் ‘கேஸ் மாத்திரை’யை மட்டும் இன்றுவரை சாப்பிட்டு வருகிறார். மார்கழியில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. நடை சுருங்கிவிட்டது, முகத்தில் சிரிப்பே வருவதில்லை. மதுரையில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்ததால் குடும்பத்தில் குழப்பம்.

“அந்த ஒரு நாள் அடித்த மருந்துதானே காரணம்?” என்பது அவருடைய முதல் கேள்வி. மருந்து வாங்கி வந்த தம்பி, தன்னால்தான் அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் கிடக்கிறாராம். உடம்பில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை உண்டா, கம்பெனி மேல் கேஸ் போடலாமா, போர் தண்ணீரைக் குடிக்கலாமா, சின்ன வயதிலிருந்து பூப்பறித்த தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் வருமா, கப்பலூரில் வெல்டிங் வேலை பார்க்கும் கணவருக்கு ஆபத்து உண்டா என்று கேள்விகள் நீள்கின்றன. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூனைக்காலிப் பொடிக்கு மாறச் சொல்கிறாராம் மாமா.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், இப்படி எழுதியிருக்கிறார்: “அப்பாவுக்கு ஏழெட்டு வருஷமாகவே வாசனை தெரியாது. மல்லிகைக்காரருக்கே மல்லிகை மணக்கலையா என்று பூக்கமிஷன் கடையில் கேலி பண்ணுவார்கள். ராத்திரி தூக்கத்தில் கத்துவார், கையை வீசுவார். அடி பட்டுப் பட்டு அம்மா திண்ணையில் போய்ப் படுக்க ஆரம்பித்துவிட்டார்.”

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக உங்கள் தம்பியை உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள்: ஐப்பசியில் அவர் வாங்கி வந்த மருந்தால் அப்பாவுக்குப் பார்க்கின்சன் வரவில்லை. ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கான ஆதாரம் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள்தான் அதை வேறு ஏதோ சங்கதி என்று ஒதுக்கிவிட்டீர்கள்.

பார்க்கின்சன் நோயில், நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் உள்ள நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. டோபமின் என்ற ரசாயனத்தைத் தயாரிப்பவை அவை. நாம் நினைத்தபடி கைகால் சீராக அசைய அந்த டோபமின் வேண்டும். அதிலே பாதியளவோ அதற்கு மேலோ போன பிறகுதான் வெளியே நடுக்கம் தெரிகிறது. அதாவது நடுக்கம் தெரிந்த நாளும் நோய் தொடங்கிய நாளும் ஒன்றல்ல. இடையில் பல வருஷங்கள் இருக்கும்.

அந்த வருஷங்களில் உடம்பு சும்மா இருப்பதில்லை. வாசனை குறையும். மலச்சிக்கல் வரும். தூக்கத்தில் கனவு காணும்போது நமக்கெல்லாம் உடம்பு அசையாமல் கட்டுண்டு கிடக்கும். இவர்களுக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், கனவில் பாம்பை அடித்தால் நிஜத்தில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அடி விழும். ஹைகோ பிராக் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் 2003-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்: நோய் மூளையின் நடுவில் தொடங்குவதில்லை, வாசனை நரம்பிலும், குடலிலிருந்து மேலே போகும் நரம்பின் வேரிலும் தொடங்கி மெதுவாக உள்ளே ஏறுகிறது என்று. எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்துகிறதா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. உங்கள் அப்பாவுக்கு நன்றாகவே பொருந்துகிறது. அவருக்கு மல்லிகை மணக்காமல் போனபோது தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்.

ஐப்பசியில் நடந்தது வேறு கதை. மருந்து மேலே பட்டதாலோ மூச்சில் போனதாலோ வந்த உடனடி விஷபாதிப்பு அது. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் இரண்டு மாதத்தில் பார்க்கின்சனை உண்டாக்கும் வேலையை அது செய்யாது.

ஒரு விஷயம் மருத்துவனாகச் சொல்லியே ஆக வேண்டும். மனசு உடைந்த பையன் ஒருவன் இருக்கும் வீட்டில் பாராகுவாட் கேன் திறந்த திண்ணையில் இருக்கக் கூடாது. உள்ளே போய்விட்டால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. ஒரு மடக்கும் உயிரை எடுக்கும். இன்றைக்கே பூட்டி வையுங்கள், சாவி உங்களிடமோ அம்மாவிடமோ இருக்கட்டும். தம்பி வாழ்க்கை வேண்டாம் என்கிற மாதிரி எதையாவது பேசினால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கோ 104-க்கோ கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசுவார்கள்.

அந்த மாத்திரை அட்டையைத் தேடுங்கள்

அப்படியானால் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவில் என்னதான் நடந்தது? எனக்குச் சந்தேகம் அந்தக் ‘கேஸ் மாத்திரை’ மேல்.

நம் ஊரில் நெஞ்செரிச்சலுக்கும் வாயுவுக்கும் எழுதப்படும் பல கேப்சூல்களில், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு என்ற இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வாந்தியை நிறுத்தவும் குடலை ஓட வைக்கவும் அது உதவும். ஆனால் மூளையில் டோபமின் போய் உட்கார வேண்டிய இடத்தை இது போய் அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் சாப்பிடும் வயதானவர்களுக்கு, பார்த்தால் பார்க்கின்சன் போலவே நடுக்கமும் விறைப்பும் மந்த நடையும் வரலாம். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும், தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், புளூனரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவையும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. சுற்றுச்சூழல் காரணம் என்றால் எல்லோரும் வயலையும் தண்ணீரையும் பார்க்கிறோம். வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரை டப்பாவை யாரும் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்து, இருக்கிற காரணங்களிலேயே சுலபமாக விலக்கக்கூடியது இதுதான்.

அதனால் அந்த அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து உங்கள் நரம்பியல் மருத்துவருக்குக் காட்டுங்கள். மேலே சொன்ன பெயர் ஏதாவது இருந்தால் அதை நிறுத்தி, வயிற்றுக்கு வேறு மருந்து தருவார். மருந்தால் மட்டும் வந்த நடுக்கம் என்றால் நிறுத்திய சில வாரங்களில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் பெரும்பாலும் குறைந்துவிடும். உங்கள் அப்பா விஷயத்தில் முழுக்கக் குணமாகிவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். வாசனை போனதும் தூக்கத்தில் கத்துவதும், உள்ளே உண்மையான பார்க்கின்சன் இருக்கிறது என்றே சொல்கின்றன. இன்னும் இரண்டொரு வருஷம் கழித்து வெளிப்பட வேண்டியதை அந்த மாத்திரை முன்கூட்டியே வெளியே கொண்டுவந்திருக்கலாம். அது விலகினால் அவருடைய நடையில் கொஞ்சமாவது மீளும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள முடியாமல் தவிக்கும் அவருக்குத் தெரியும்.

எம்.ஆர்.ஐ. நார்மலாக இருப்பதால் நோய் இல்லை என்று மாமா சொல்வது சரியில்லை. பார்க்கின்சனில் சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். பக்கவாதம், கட்டி, மூளையில் நீர் தேங்குவது போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்யத்தான் அதை எடுக்கிறோம். நோயைக் கண்டுபிடிப்பது, ஆளை நடக்க வைத்து, கையைத் தட்ட வைத்து, மருந்துக்கு எப்படி மாறுகிறார் என்று பார்த்துத்தான்.

முப்பது வருஷ மருந்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஐப்பசியின் ஒரு நாளை விடுவித்துவிட்டேன் என்பதற்காக முப்பது வருஷத்தையும் விடுவித்ததாக அர்த்தமில்லை.

இந்தச் சந்தேகம் அறிவியலில் வலுவாக எழுந்த கதை வித்தியாசமானது. 1982-ல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று சிலை மாதிரி உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். எல்லோருமே போதை ஊசி போட்டுக்கொண்டவர்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் விசாரித்துப் பார்த்தபோது, கள்ளத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினில் எம்.பி.டி.பி. என்ற மாசு கலந்திருந்தது தெரிந்தது. அது மூளைக்குள் போய் வேறு உருவம் எடுத்து, டோபமின் அணுக்களின் ஆற்றல் தயாரிப்பையே நிறுத்தியிருந்தது. வெளியிலிருந்து வரும் ஒரு ரசாயனம் குறிப்பாக அந்த அணுக்களை மட்டும் கொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெளிவானது. அது எடுத்த அந்த உருவத்தின் வேதியமைப்பைப் படம் போட்டுப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். களைக்கொல்லியான பாராகுவாட் கிட்டத்தட்ட அதே அமைப்பு.

அமைப்பு ஒன்று என்பதால் செயல்படும் விதமும் ஒன்று என்று ஆகிவிடாது. பாராகுவாட் அணுக்களைச் சேதப்படுத்தும் வழி கொஞ்சம் வேறு. ஆனாலும் மனிதர்களிடம் நடத்திய ஆய்வுகள் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவில்லை, வலுப்படுத்தின. அமெரிக்காவில் மருந்து தெளிக்கும் உரிமம் பெற்ற விவசாயிகளையும் அவர்களது மனைவியரையும் வைத்துச் செய்து 2011-ல் வெளியான ஆய்வில், பாராகுவாட் அல்லது ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லி பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் சுமார் 2.5 மடங்கு அதிகமாக இருந்தது. 2009-ல் வந்த இன்னோர் ஆய்வு, கலிபோர்னியாவின் நடுப்பகுதியில், பாராகுவாட்டும் மானெப் என்ற பூஞ்சைக்கொல்லியும் அடிக்கப்பட்ட வயல்களிலிருந்து 500 மீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்கு ஆபத்து 75 சதவீதம் கூடுதல் என்றது. உங்கள் அப்பா தூவிய பி.எச்.சி. பொடியை இந்தியாவில் 1997-ல் தடை செய்தார்கள். மண்ணிலும் உடல் கொழுப்பிலும் பல வருஷம் தங்கும் சரக்கு அது. அதன் ஒரு வகை பார்க்கின்சன் நோயாளிகளின் ரத்தத்தில் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டதாகவும் ஆய்வு உண்டு.

ரோட்டினோன் பற்றி ஒரு வார்த்தை. அது ஆய்வகத்தில் பிறந்த ரசாயனம் அல்ல. செடி வேரிலிருந்து எடுப்பது. மீன் பிடிக்கக் குளத்தில் கலக்கும் இயற்கை நஞ்சாக இருந்தது. எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தால் பார்க்கின்சன் போன்ற நோயே வருகிறது. ‘இயற்கை மருந்து, ஒன்றும் செய்யாது’ என்று யாராவது டப்பாவை நீட்டினால், உள்ளே என்ன என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

சரி, 2.5 மடங்கு என்றால் என்ன? மேலைநாட்டுக் கணக்குப்படி அறுபது வயது தாண்டியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குப் பார்க்கின்சன். அது 2.5 மடங்காக ஆனாலும் நூறு பேரில் இரண்டு மூன்று பேர். மீதிப் பேர் அதே மருந்தை அடித்துவிட்டு நோயில்லாமல் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலேயே அப்பாவோடு சேர்ந்து மருந்து அடித்தவர்களை எண்ணிப் பாருங்கள், புரியும். வயது, மரபணு, தலையில் பட்ட அடி, காற்று மாசு, ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற தொழிற்சாலைக் கரைப்பான்கள் என்று பலதும் சேர்ந்து ஒருவருக்கு நோயாகின்றன. ஆயிரம் பேரை ஒன்றாக வைத்துப் பார்த்தால் பூச்சி மருந்துக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியும். அந்த ஆயிரத்தில் ஒருவரான உங்கள் அப்பாவைக் காட்டி ‘இவருக்கு இதனால்தான்’ என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. அவருக்கு வந்ததில் இந்த முப்பது வருஷத்துக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்பதுவரை நான் வருவேன்.

ஒரு வேடிக்கையும் உண்டு. பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கும் காபி குடிப்பவர்களுக்கும் பார்க்கின்சன் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மாமா காதுக்கு இது எட்ட வேண்டாம். புகை கொடுக்கிற புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் முன்னால் இது ஒரு லாபமே இல்லை.

பரிசோதனை, வழக்கு, உரிமை

முப்பது வருஷமாக உடம்பில் ஏறியதை இன்றைக்கு ஊசி குத்தி அளக்க முடியாது. ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் பார்ப்பார்கள், அது ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்துகள் சமீபத்தில் பட்டதைத்தான் காட்டும். ஐப்பசியில் வாந்தி எடுத்த அன்றைக்கே எடுத்திருந்தால் பயன் இருந்திருக்கும். ‘உடம்பில் உள்ள விஷத்தை எடுக்கிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

வழக்கு என்பது வழக்கறிஞரின் துறை. எனக்குத் தெரிந்த மருத்துவப் பக்கத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பாராகுவாட் தயாரித்த, விற்ற கம்பெனிகள் மேல் ஆயிரக்கணக்கான வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. கம்பெனிகள் தொடர்பை மறுக்கின்றன. பிரான்ஸ் 2012-லேயே, பூச்சி மருந்தோடு வேலை செய்த விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்வழி நோயாக ஏற்றுக்கொண்டது. இங்கே உங்கள் அப்பா தன் தோட்டத்தில் தானே அடித்தவர், முதலாளி என்று ஒருவர் இல்லை. பல கம்பெனிகளின் பல மருந்துகள், ரசீதும் இருக்காது. எந்த மருந்து என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். நான் சான்றிதழ் கொடுத்தாலும் ‘இத்தனை வருஷம் இன்னின்ன மருந்தைக் கையாண்டவர்’ என்று எழுத முடியும், ‘அதனால் வந்தது’ என்று எழுத முடியாது. கேட்டுத்தான் பார்ப்போம் என்றால் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். அதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நீங்கள் கேட்காத ஓர் உரிமை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் பார்க்கின்சனும் ஒன்று. இது பலருக்கும் தெரியாது. நோய் கூடி, பாதிப்பு 40 சதவீதம் என்று மருத்துவக் குழு மதிப்பிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பராமரிப்பு உதவித்தொகை பற்றியும் அங்கேயே கேளுங்கள். செலவு கட்டவில்லை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் தொடர்ந்து பார்க்கலாம். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரையை அங்கே விலையில்லாமல் வாங்கலாம்.

தம்பி அடுத்த தடவை மருந்து அடிக்கும்போது

அப்பாவுக்குள் போனதை எடுக்க முடியாது. இனி தம்பிக்குள் போவதைத் தடுக்கலாம். உங்கள் கடிதத்தில் இந்தக் கேள்வியே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மருந்து மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது என்று பலரும் நினைத்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கையையும் காலையும் திறந்து விடுகிறார்கள். தெளிப்பவர்களுக்கு அதிகமாக ஏறுவது தோல் வழியாகத்தான். ஒழுகும் டேங்க் முதுகை நனைத்தபடி இரண்டு மணி நேரம் இருந்தால் அதுவே போதும். துண்டும் நனைந்தபின் மருந்தை முகத்தோடு ஒட்டி வைக்கும் பற்றுத்துணிதான். எல்லாவற்றிலும் மோசம், தெளிக்கும் நேரம் அல்ல, கலக்கும் நேரம். பாட்டிலில் இருப்பது தண்ணீர் சேராத முழு வீரியம். அதைக் கையால் கலக்குவதும், மூடியில் அளந்து விரலில் வழிய விடுவதும், அடைத்த நாசிலை வாயால் ஊதுவதும் அறவே கூடாது.

கையுறை சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் மேலே சொன்ன அமெரிக்க விவசாயிகளிடமே 2015-ல் வெளியான தொடர் ஆய்வில், பாராகுவாட்டுக்கும் நோய்க்கும் இருந்த தொடர்பு கையுறை போடாதவர்களிடம்தான் தெரிந்தது. முழங்கை வரை வரும் நைட்ரைல் கையுறை வாங்குங்கள், துணிக் கையுறை வேண்டாம். முழுக்கை சட்டை, பூட்ஸ், காற்றுக்கு முதுகைக் காட்டி நடப்பது, வெயில் ஏறும் முன் முடிப்பது, வீட்டுக்குள் நுழையும் முன் சோப்புப் போட்டுக் குளிப்பது. அந்தச் சட்டையை அம்மா மற்ற துணியோடு ஊறப்போட வேண்டாம். காலி டப்பாவில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ பிடிக்கவே வேண்டாம்.

டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைப் பார்த்து வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல பழக்கம்தான். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசை. ஆனால் அந்த நிறம் சொல்வது ஒரே தடவையில் உள்ளே போனால் எவ்வளவு ஆபத்து என்பதை மட்டும். இருபது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதில் நிறம் இல்லை. ‘பச்சைதானே’ என்று கையுறையைக் கழற்றிவிடக் கூடாது.

பாராகுவாட்டை முழுக்க விட்டுவிடச் சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் அதை விட்டது. சீனாவும் தாய்லாந்தும் பிரேசிலும் விட்டன. பக்கத்துக் கேரளம் 2011-லேயே தடை செய்தது. ஒன்றரை ஏக்கர் மல்லிகையில் களைவெட்டியும் கொத்தும் செலவு கூடுதல்தான், கூலி ஆள் கிடைப்பதில்லை என்ற உங்கள் பிரச்சினையும் எனக்குத் தெரியாமல் இல்லை. செடிக்கு அடியில் மூடாக்குப் போட்டாலே பாதிக் களை குறையும். பூச்சி மருந்தையும் கிழமை பார்த்து அடிக்காமல் பூச்சியைப் பார்த்து அடித்தால் எத்தனையோ டேங்க் மிச்சம். எந்தப் பூச்சிக்கு எப்போது என்று ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளலாம். மருந்து விற்பவரிடமே எவ்வளவு அடிக்க வேண்டும் என்று கேட்டால் அவர் குறைத்தா சொல்வார்?

அடித்த மறுநாள் விடிகாலையில் அம்மாவும் கூலிப் பெண்களும் பனி ஈரத்தோடு வெறுங்கையால் மொட்டுப் பறிக்கிறார்கள். பறித்த கையோடு காபி குடிக்கிறார்கள். மருந்து அடிக்கிறவரைப் பற்றிக் கவலைப்படுகிறோம், பறிக்கிறவரை மறந்துவிடுகிறோம். டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி நாளை முடிந்தவரை விடுங்கள். அடித்தது எந்தப் பாத்தி என்று பறிக்க வருபவர்களிடம் சொல்லிவிடுங்கள். பறித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ ஒரு குடம் தண்ணீர் வரப்பிலேயே இருக்கட்டும்.

தண்ணீர், பிள்ளைகள், கணவர்

பாராகுவாட் மண்ணின் களித்துகளோடு இறுக ஒட்டிக்கொள்ளும். ஆழ்துளைக் கிணறு வரை அது இறங்குவது அரிது. அதனால் உங்கள் போர் தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டாம், அதற்காகக் கடன் வாங்கி ஆர்.ஓ. மெஷின் போடவும் வேண்டாம். ஆனால் எல்லா மருந்தும் அப்படி ஒட்டிக்கொள்வதில்லை. தோட்டத்து ஆழமில்லாத கிணற்றின் மேட்டில் மருந்து கலக்குவது, மோட்டார் தொட்டியில் டேங்கைக் கழுவுவது, அதே தண்ணீரைக் குடிப்பது என்பது நடந்தால் உடனே நிறுத்துங்கள். குடிக்கப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் போதும்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும்? பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து இரண்டு மூன்று மடங்கு என்பார்கள். அடிப்படையே குறைவு என்பதால் உங்களுக்கு வராமல் இருக்கும் வாய்ப்பே மிக மிக அதிகம். நாற்பது வயதுக்குள் நடுக்கம் வந்திருந்தால், அதிலும் பெற்றோர் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்றால், மரபணுப் பரிசோதனை பற்றி யோசிப்போம். 63-ல் வந்த உங்கள் அப்பாவுக்கு அது தேவையில்லை. சின்ன வயதில் பூப்பறித்ததை நினைத்து இப்போது ஒரு ஸ்கேனும் எடுக்க வேண்டாம்.

கணவர் விஷயம்: வெல்டிங் புகையில் மாங்கனீசு இருக்கிறது. அது மிகுதியாக ஏறினால் பார்க்கின்சன் போன்ற, ஆனால் வேறான ஒரு நோய் வரும். லெவோடோபாவுக்கும் அது சரியாகக் கட்டுப்படாது. மூடிய அறையிலோ தொட்டிக்குள்ளோ காற்றோட்டம் இல்லாமல் வருஷக்கணக்கில் வெல்டிங் செய்பவர்கள்தான் கவலைப்பட வேண்டும். திறந்த ஷெட்டில் வேலை என்றால் புகை உறிஞ்சும் விசிறியும் சரியான முகமூடியும் போதும்.

பூனைக்காலியும் மாத்திரையும்

மாமா சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. பூனைக்காலி விதையில் லெவோடோபாவே இருக்கிறது, அப்பாவுக்கு எழுதிய மாத்திரையில் இருக்கும் அதே பொருள். ஆனால் மாத்திரையில் அளவு நிச்சயம். மூளைக்குப் போகும் முன்பே மருந்து வழியில் வீணாகாமலும் குமட்டல் வராமலும் பார்த்துக்கொள்ளும் கார்பிடோபாவும் கூட இருக்கிறது. பொடியில் ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் சேர்த்தால் அளவு கூடி வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல், மனக்குழப்பம், தானாகக் கைகால் ஆட்டம் வரலாம். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, உடம்பு விறைத்துக் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு ஓட வேண்டி வரலாம்.

மூன்று வாரத்தில் மாற்றமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். குறைந்த அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதுதான் முறை. அதோடு, அந்தக் கேஸ் மாத்திரை ஒரு பக்கம் டோபமினைத் தடுத்துக்கொண்டே இருந்தால் இந்த மாத்திரை எப்படி வேலை செய்யும்? இன்னொன்று, இட்லி சாம்பாரோடு சேர்த்து மாத்திரையைப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பருப்பு, பால், முட்டை, கறியில் உள்ள புரதம் லெவோடோபா உடம்பில் ஏறுவதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலோ ஒரு மணி நேரம் கழித்தோ தண்ணீரில் கொடுங்கள். குமட்டினால் ஒரு பிஸ்கட் பரவாயில்லை. தினமும் தோட்டத்துக்கு நடந்து போய் வரட்டும், வரப்பில் வேண்டாம், விழுவார், பாதையில் கைவீசி நடக்கட்டும். உடற்பயிற்சி இந்த நோய்க்குத் துணை மருந்து மாதிரி இல்லை, மாத்திரைக்குச் சமமாகவே அதை வைத்துப் பேசுவேன். தோட்டத்தை விட்டு அவரை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். மருந்து அடிப்பதை மட்டும் விடச் சொல்லுங்கள்.

அம்மா திண்ணையில் படுப்பதற்கும் வழி உண்டு. தூக்கத்தில் கை வீசுவதைக் குறைக்க மெலட்டோனின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. இதுவரை இதை யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், அடுத்த தடவை மருத்துவரிடம் அம்மாவே சொல்லட்டும்.

அப்படிப் போகும்போது நாலு விஷயம் கையில் இருக்கட்டும்: கிளினிக் கொடுத்த எல்லா மாத்திரை அட்டைகளும், அப்பா நடப்பதையும் சட்டை மாட்டுவதையும் செல்போனில் எடுத்த வீடியோ, மாத்திரை போடும் நேரமும் சாப்பிடும் நேரமும் எழுதிய ஒரு வாரக் குறிப்பு, அவர் இத்தனை வருஷம் அடித்த மருந்துகளில் நினைவிருக்கும் பெயர்கள். அந்தக் கடைசிப் பட்டியலைத் தம்பியை எழுதச் சொல்லுங்கள். கேஸ் மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் கழித்து நடை எப்படி இருக்கிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.